தமிழ் பேசும் மக்கள் என்பவர் யாவர்?

தேர்தல் காலம் நெருங்கும்போதெல்லாம் கிழக்கு மாகாணத்து மேடைகளில் 'தமிழ் பேசும் மக்கள்' என்னும் தொடர் தூசு தட்டி எடுக்கப்படுவது வழக்கம். தமிழ்த் தலைவர்களும் அதனைக் கையாளுகின்றனர். முஸ்லிம் தலைவர்களும் கையாளுகின்றனர். மேடையில் இருப்பவரும் கீழே இருப்பவரும் அத்தொடரால் ஒரே மக்கட் கூட்டத்தைத்தான் கருதுகின்றனரா என்பதை மட்டும் எவரும் நின்று வினவுவதில்லை. இவ்வினாவை எழுப்புவதற்குத் திருகோணமலையை விடப் பொருத்தமான களம் இலங்கையில் இல்லை என நாம் கருதுகின்றோம். அத்தொடர் அரசியற் கொடியாக உயர்த்தப்பட்டதும் இம்மண்ணிலேதான். அது கிழிபட்டதும் பெருமளவுக்கு இம்மண்ணிலேதான்.

1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் தமிழர் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர். சோனகர் நான்கில் ஒரு பங்கினர். சிங்களவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. சரியாக நூறு ஆண்டுகளின் பின்னர், 1981இல், மூவினத்தவரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராக நின்றனர். 2012இல் முஸ்லிம்கள் நூற்றுக்கு 40 பேர், தமிழர் 30 பேருக்குச் சற்று மேல், சிங்களவர் 27 பேர். குடியேற்றத் திட்டங்களும் யுத்தமும் இடப்பெயர்வும் இம்மாற்றத்தில் ஆற்றிய பங்கு தனியே ஆராயப்பட வேண்டியது. இங்கு நாம் கவனிக்க விரும்புவது ஒன்றே: எவரும் பாதியை எட்டாத இம்மாவட்டத்தில், யார் யாரோடு சேர்த்து எண்ணப்படுகின்றார் என்பதே பெரும்பான்மையைத் தீர்மானிக்கின்றது. தமிழரும் முஸ்லிம்களும் ஒரு பெயரின் கீழ் எண்ணப்பட்டால் நூற்றுக்கு 70. தனித்தனியே எண்ணப்பட்டால் மூன்று சிறுபான்மைகள். பெயர் என்பது இங்கு இலக்கணப் பொருள் மட்டுமன்று. காணியும் கதிரையும் அதில் தங்கியிருக்கின்றன.

எண்ணுவதற்காகப் பெயர் சூட்டும் வழக்கம் நமக்கு வெளியிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆங்கில ஆட்சியாளரின் ஏடுகளில் தமிழர் 'மலபாரிகள்' என்றே குறிக்கப்பட்டனர். போர்த்துக்கேயர் தமது வசதிக்காக வைத்த பெயர் அது. 1871இல் நாடு தழுவிய முதலாவது குடிசன மதிப்பு நடைபெற்றது. தமிழரையும் சோனகரையும் இலங்கையர், இந்தியர் என நான்கு கூறாக்கியது 1911ஆம் ஆண்டின் மதிப்பாகும். அவ்வாண்டில் இலங்கைத் தமிழர் 5 இலட்சத்து 28 ஆயிரம் பேர் எனவும், இந்தியத் தமிழர் 5 இலட்சத்து 31 ஆயிரம் பேர் எனவும் கணக்கிடப்பட்டது. ஒரு பேனாக் கோட்டினால் ஓரினம் ஏறத்தாழச் சரிபாதியாயிற்று.

கோடு கிழித்த அதிகாரிகளுக்குத் தீய நோக்கம் இருந்தது என்று நாம் கூற வரவில்லை. தோட்டங்களுக்கு வந்தவர் தொகையைத் தனியே அறிவது அன்றைய நிர்வாகத்துக்குத் தேவையாயிருந்திருக்கலாம். ஆயினும் பெயர் முன்னே வந்தது, சட்டம் பின்னே வந்தது. 37 ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, யாரை விலக்குவது என்று தேடவேண்டிய அவசியம் எவருக்கும் இருக்கவில்லை. அவர்களது பெயரின் முற்பாதியிலேயே வேறொரு நாடு எழுதப்பட்டிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்களைப் பங்கிட எடுத்துக்கொண்டபோதும் அந்த முற்பாதியே அளவுகோலாயிற்று. இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் உண்டு. இங்கே 'இந்தியத் தமிழர்' எனப்பட்டு நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர்கள், அங்கே 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இன்று அச்சமூகத்தினர் தமக்குத் தாமே 'மலையகத் தமிழர்' எனப் பெயரிட்டுக்கொண்டுள்ளனர். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் அட்டவணைகளில் அப்பெயர் பழைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோட்டுக்கு அப்பால் இடம்பெற்றிருக்கின்றது. தாம் சூட்டிய பெயரை அரசின் ஏட்டில் காண ஒரு மக்கட் கூட்டத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

சிங்கள மக்களுக்கும் இத்தகைய முன்னொட்டுகள் இருந்தன என்பது இளந்தலைமுறையினர் பலருக்குத் தெரியாது. கண்டிச் சிங்களவர், கரைநாட்டுச் சிங்களவர் என அவர்கள் 1971 வரை இரு பிரிவுகளாகவே எண்ணப்பட்டனர். அப்பிரிவு வெறும் ஏட்டுப் பிரிவன்று. 1920களின் பிற்பகுதியில் கண்டிய தேசிய சபையினர் தமக்கெனத் தனியலகு வேண்டிச் சமஷ்டி கேட்டனர். 1981ஆம் ஆண்டு மதிப்பில் அவ்விரு பெயர்களும் நீக்கப்பட்டு 'சிங்களவர்' என்ற ஒற்றைப் பெயர் நின்றது. தமிழருக்கும் சோனகருக்கும் இருந்த முன்னொட்டுகள் அவ்வாண்டிலும் அப்படியே தொடர்ந்தன. பெரும்பான்மையோரின் பெயர் சுருங்கச் சுருங்க அவர்களின் தொகை ஒன்றாகின்றது. சிறுபான்மையோரின் பெயர் நீள நீள அவர்களின் தொகை துண்டாகின்றது.

ஐக்கிய அமெரிக்காவில் ஐரிஷ் அமெரிக்கர், ஆபிரிக்க அமெரிக்கர் என்று கூறும்போது நாட்டின் பெயர் பின்னே வருகின்றது. பூர்வீகம் அடைமொழியாகின்றது, அமெரிக்கர் என்பதே பெயராகின்றது. அதனைக்கூடப் பொறுக்காத தியடோர் ரூஸ்வெல்ட், 1915இல் இணைப்புக்கோட்டு அமெரிக்கர்களுக்குத் தம் நாட்டில் இடமில்லை என்று முழங்கினார். நம் நாட்டிலோ நாட்டின் பெயர் நிலைமொழி, இனத்தின் பெயர் வருமொழி. 'இலங்கை' என்னும் சொல் தமிழரை ஏனைய இலங்கையரோடு இணைப்பதற்காக அங்கே வைக்கப்படவில்லை. தமிழரைத் தமிழரிடமிருந்து பிரித்தறிவதற்காகவே வைக்கப்பட்டது.

இனி, சோனகர் என்னும் பெயருக்கு வருவோம். யவனர் என்ற சொல்லின் வழியே வந்த இப்பெயர், சோழர் காலக் கல்வெட்டுகளிலும் காணப்படும் பழந்தமிழ் வழக்காகும். கிரேக்கத்தின் அயோனியரைக் குறித்த சொல் வடமொழியில் யவனராகி, தமிழ்க் கரைகளில் மேற்றிசை வணிகர் எல்லோருக்கும் பெயராகி, முடிவில் அராபிய வழித்தோன்றல்களில் நிலைபெற்றது. யாழ்ப்பாணத்தின் சோனகத் தெருவும் திருகோணமலை நகரின் சோனகவாடியும் அப்பெயரை இன்றும் சுமந்து நிற்கின்றன. போர்த்துக்கேயர் தாம் வட ஆபிரிக்காவில் அறிந்திருந்த 'மூர்' என்ற பெயரை இங்கே இம்மக்கள் மேல் ஏற்றினர். ஆங்கிலேயர் அதையே ஏட்டில் எழுதினர்.

பெயரின் பொருளைப் பற்றிய பிணக்கு 1888இல் வெடித்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன், அன்று சட்டநிரூபண சபையின் தமிழ் அங்கத்தவர், வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் படித்த கட்டுரையில் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டுமே வேறுபட்டவர் என வாதிட்டார். அறிவுலகின் வாதம் என்று மட்டும் அதனை வாசிப்பது வெகுளித்தனம். சபையில் முஸ்லிம்களுக்குத் தனி அங்கத்தவர் ஒருவர் வேண்டுமா என்ற வினா அன்று அரசின் முன்னிருந்தது. சோனகர் தமிழரெனில் தனியங்கத்தவர் எதற்கு? 1889இல் எம்.சீ. அப்துல் ரகுமான் முதலாவது முஸ்லிம் அங்கத்தவராக நியமிக்கப்பட்டார். கட்டுரைக்கான மறுப்பு 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸின் நூலாக வெளிவந்தது. ஒருவரின் மொழியைச் சுட்டிக்காட்டி 'நீர் எம்மவர்' என்று கூறுவது அன்பின் அழைப்பாகவும் இருக்கலாம், பங்கைப் பறிக்கும் உபாயமாகவும் இருக்கலாம். கேட்பவர் எதை நினைவில் வைத்துக்கொள்வார் என்பதைச் சொல்பவர் தீர்மானிக்க முடியாது. முஸ்லிம் மக்களின் ஐயத்துக்கு இப்படி நெடிய வேர் உண்டு என்பதைத் தமிழ் வாசகர்கள் மறந்துவிடலாகாது.

அச்சமூகத்தினுள்ளேயும் பெயர் ஒருமனதாகத் தீர்ந்துவிடவில்லை. சேர் ராசிக் பரீத் தலைமையேற்று வளர்த்த இலங்கைச் சோனகர் சங்கம் இனப்பெயரை முன்னிறுத்தியது. மலாயரான ரீ.பீ. ஜாயா போன்றோர் மதப்பெயரை முன்னிறுத்தினர். சோனகர் என்றால் மலாயர் வெளியே நிற்பர். முஸ்லிம் என்றால் உள்ளே வருவர். காலப்போக்கில் அரசியலில் 'முஸ்லிம்' வென்றது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 'இலங்கைச் சோனகர்' தங்கிவிட்டது. கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு பிள்ளை பத்திரத்தில் ஒரு பெயரோடும் வாழ்வில் இன்னொரு பெயரோடும் வளர்கின்றது.

இத்தகைய சூழலில்தான் 1951ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தனது முதலாவது தேசிய மாநாட்டைத் திருகோணமலையில் கூட்டியது. இலங்கையின் தமிழ் பேசும் மக்கள் சிங்களவரினின்றும் வேறான ஒரு தேசிய இனம் என்ற தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956இன் ஆகஸ்டில் கட்சியினர் மீண்டும் திருமலைக்கு யாத்திரை வந்து கூடினர். சமஷ்டி, மொழிச் சமத்துவம், பிரசாவுரிமை, குடியேற்றத் தடுப்பு ஆகிய நான்கு கோரிக்கைகளும் அத்தொடரின் பெயராலேயே முன்வைக்கப்பட்டன.

அத்தொடரின் அமைப்பை ஒருகணம் உற்று நோக்குவோமாக. 'தமிழ் பேசும்' என்பது பெயரெச்சம். மக்கள் யார் என்பதை அது கூறவில்லை. மக்கள் என்ன செய்கின்றனர் என்பதைக் கூறுகின்றது. வம்சத்தைப் பற்றியோ வழிபாட்டைப் பற்றியோ அது வாய் திறப்பதில்லை. 1888ஆம் ஆண்டின் புண்ணைத் தொடாமலே யாழ்ப்பாணத்து இந்துவையும் மன்னார்க் கத்தோலிக்கரையும் மூதூர் முஸ்லிமையும் ஒரு பந்தலின் கீழ் அமர்த்திய தொடர் அது. நம் அரசியல் வரலாற்றில் இத்துணை விவேகமாக அமைந்த தொடர் பிறிதொன்று இல்லை எனலாம். அது வெறும் மேடைப் பேச்சாகவும் நின்றுவிடவில்லை. 1956ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கிழக்கின் முஸ்லிம்களும் தமிழரசுக் கட்சியின் சார்பில் பாராளுமன்றம் சென்றனர்.

அவர்களிற் சிலர் விரைவிலேயே அரசாங்கத் தரப்புக்குச் சென்றதும் உண்மையே. அதனைத் தனிமனிதரின் பதவி ஆசை என்று கூறி அன்று பலர் திருப்திப்பட்டுக்கொண்டனர். பந்தல் ஒன்றாயினும் பந்தியின் தலைமாடு எப்போதும் ஒரு சாராருக்கே உரியதாயிருந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. அடுத்து வந்த தொகுதி நிர்ணயம் கூடுதல் நேர்மையானது. 1960 முதல் 1977 வரை மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிருந்தது. ஒரே நிலம், ஒரே மொழி, இரு பிரதிநிதிகள்.

1976இல் வட்டுக்கோட்டையில் 'தமிழ் ஈழம்' என்ற பெயர் எழுந்தபின் பெயரெச்சம் மெல்ல மெல்லப் பெயருக்கு வழிவிட்டது. 1990இல் நிகழ்ந்தவை பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டதும், வட மாகாண முஸ்லிம்கள் ஒருவர் விடாமல் வெளியேற்றப்பட்டதும் அவ்வாண்டிலேயாகும். கிழக்கில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் சிலர் தமிழ்க் கிராமங்களிற் புரிந்தவையும் அவ்வாண்டிலேயாகும். வெளியேறுமாறு ஒலிபெருக்கியில் வந்த கட்டளையும் தமிழிலேயே இருந்தது. 2006இல் மூதூர் என்ற ஒரே பிரதேச செயலாளர் பிரிவு, ஏப்ரலில் குண்டுவீச்சினால் சம்பூர்ப் பகுதித் தமிழரை இழந்தது. ஆகஸ்டில் புலிகளின் பிரவேசத்தோடு மூண்ட மோதலினால் மூதூர் நகர முஸ்லிம்களை இழந்தது. முன்னவர் வெருகல், வாகரை வழியே மட்டக்களப்புக்கும், பின்னவர் கந்தளாய்க்குமாக எதிரெதிர்த் திசைகளில் நடந்தனர்.

1987ஆம் ஆண்டின் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தை மீண்டும் வாசிப்பது இவ்விடத்தில் பயன் தரும். வடக்கும் கிழக்கும் 'தமிழ் பேசும் மக்கள்' வரலாற்று ரீதியாக வாழ்ந்துவரும் பிரதேசங்கள் என அது ஏற்றுக்கொள்கின்றது. ஆங்கில மூலத்தில் அவ்விடத்தில் மக்கள் என்ற சொல் பன்மை விகுதியோடு நிற்கின்றது: ஒரு மக்களினம் என்றன்றி, மக்களினங்கள் என்ற பொருளில். 1951இல் கருதப்பட்டதோ ஒரே மக்களினம். இந்த வேறுபாடு தமிழில் தெரிவதேயில்லை. நம் மொழியில் 'மக்கள்' என்பதே பன்மை. அதற்குமேல் ஒரு பன்மை விகுதியை அது ஏற்காது. ஆகவே ஒன்று என்று கருதியவரும் பல என்று கருதியவரும் ஒரே தமிழ்த் தொடரைப் படித்துத் திருப்தியடைந்தனர். நாம் முன்னர் கூறிய மேடைக் கைதட்டல்களின் இரகசியமும் இதுவே.

இணைப்புப் பெயர்களின் இன்னொரு சிக்கல் நம் இலக்கணத்துக்கே உரியது. 'தமிழ் முஸ்லிம் மக்கள்' என்று பத்திரிகைகள் நாள்தோறும் எழுதுகின்றன. தமிழ்நாட்டில் இத்தொடரை ஒருவர் படித்தால் தமிழராகிய முஸ்லிம்கள் என்று பொருள் கொள்வார். அங்கே மரைக்காயரும் இராவுத்தரும் லெப்பையும் தம்மைத் தமிழ் முஸ்லிம் என்று அழைத்துக்கொள்வதில் எவ்விதத் தயக்கமும் இல்லை. அங்கு அது பண்புத்தொகை. திருகோணமலையில் அதே தொடர் தமிழரும் முஸ்லிம்களும் எனப் பொருள்படும். இங்கு அது உம்மைத்தொகை. பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இப்பாலும் எழுத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. பொருள் முற்றாக மாறிவிடுகின்றது. அடுத்து வரும் எழுத்து மகரமாதலால் சந்தியும் நமக்குத் துணை வருவதில்லை. 'தமிழ்ச் சோனகர்' என்று எழுதினால் இடையில் மிகும் ஒற்று உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும்: அது தமிழராகிய சோனகரையே குறிக்கும். உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த விதி. இராமநாதனுக்கும் அஸீஸுக்கும் இடையிலான வழக்கு முழுவதையும் அந்த ஒரு சகர ஒற்றுக்குள் அடக்கிவிடலாம்.

மொழி ஒன்றாயிருந்தும் பெயர் வேறாகியது நம்மிடத்தில் மட்டுமன்று. யூகோஸ்லாவியாவில் செர்பியரும் குரோஷியரும் பொஸ்னிய முஸ்லிம்களும் ஏறக்குறைய ஒரே மொழியையே பேசினர். 1971ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 'முஸ்லிம்' என்பது அங்கு ஒரு தேசிய இனத்தின் பெயராக ஏற்கப்பட்டது. பெரிய எழுத்தில் தொடங்கினால் இனம், சிறிய எழுத்தில் தொடங்கினால் மதம் என்பது அவர்களது ஏற்பாடு. (தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை.) 1993இல், யுத்தத்தின் நடுவே, அம்மக்கள் மதப்பெயரைக் கைவிட்டு 'பொஸ்னியாக்' என்ற பழைய நிலப்பெயரைத் தமதாக்கினர். செக்கோஸ்லாவாக்கியாவில் 1990ஆம் ஆண்டு நாட்டின் பெயரிடையே ஓர் இணைப்புக்கோடு வேண்டுமா என்று பாராளுமன்றம் வாரக்கணக்கில் வாதிட்டது. உலகம் நகைத்தது. 1993 ஜனவரி முதலாம் திகதி அது இரு நாடுகளாயிற்று. அங்கு இரத்தம் சிந்தப்படவில்லை. பெயர்ப் பிணக்கை நகைப்புக்குரியதென ஒதுக்காமல் மேசையில் வைத்துப் பேசியதும் அதற்கு ஒரு காரணமென நாம் எண்ணுகின்றோம்.

எந்த இணைப்புப் பெயரிலும் இடம் கிடையாதோரும் நம் மாவட்டத்தில் உள்ளனர். வெருகல், மூதூர்ப் பகுதிகளில் வாழும் கரையோர வேடர்கள் தமிழ் பேசுகின்றனர். கணக்கெடுப்பில் அவர்களிற் பெரும்பாலோர் தமிழராகவே கரைந்துவிடுகின்றனர். பாலையூற்றின் பறங்கியர் சிலரது வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் இன்னமும் ஒலிக்கின்றது. வெளியில் அவர்களது மொழி தமிழே. தமிழ் பேசும் மக்கள் என்ற தொடர் சொற்பொருளின்படி இவர்களையும் உள்ளடக்க வேண்டும். எந்த மேடையிலாவது இவர்கள் நினைக்கப்பட்டதுண்டா?

ஆகவே நாம் வேண்டுவது யாதெனில், தமிழரும் முஸ்லிம்களும் அரசியலில் இணைந்து நிற்கும் இடங்களில், தொகையாகக் குறுக்காமல் 'உம்' வெளிப்படையாக எழுதப்படட்டும். 2015இல் திருகோணமலையில் அமர்ந்த கிழக்கு மாகாண சபையில் முஸ்லிம் காங்கிரஸும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் சேர்ந்து நிர்வாகத்தை அமைத்தபோது, முதலமைச்சர் பதவி ஒரு தரப்புக்கும் அமைச்சுப் பதவிகள் மற்றத் தரப்புக்கும் எனப் பேசித் தீர்த்துக்கொண்டன. அதிக ஆசனம் கொண்டிருந்த கூட்டமைப்பு முதலமைச்சர் பதவியை விட்டுக்கொடுத்தது. எவரும் எவரையும் 'நீரும் எம்மவரே' என்று விழுங்க முற்படவில்லை. குறைகள் பல இருந்தன எனினும், அது 2017 செப்டெம்பரில் சபையின் ஆயுள் முடியும் வரை நிலைத்தது.

அதே 2017இல் வெளிவந்த அரசியலமைப்பு வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கையில் 'ஏக்கிய ராஜ்ய' என்ற சிங்களத் தொடருக்கு எதிரே 'ஒருமித்த நாடு' என்ற தமிழ்த் தொடர் வைக்கப்பட்டது. இரண்டும் ஒன்றா வேறா என்று நாடு முழுவதும் வாதிட்டு ஓய்ந்தது. வரைபு அப்படியே கிடப்பில் போயிற்று. இனி ஒரு வரைபு எழுதப்படுமாயின், அதில் 'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடர் இடம்பெறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மக்களினமா, இரண்டா, அதற்கும் மேலா என்பதைத் தமிழ்ப் பிரதியிலேயே எழுதிவிட வேண்டும். அவ்வாக்கியத்தை எழுதும் மேசையில் கிண்ணியாவிலிருந்து ஒருவரும் சம்பூரிலிருந்து ஒருவரும் அருகருகே அமர்ந்திருக்க வேண்டும். வெருகலிலிருந்து ஒருவர் வந்தால் அவருக்கும் ஒரு கதிரை போடப்படட்டும்.